கூரை மாற்றப் போகிறீர்களா? லைசென்ஸ் கேள்விகளுக்குப் பதில்

நான் கலிஃபோர்னியாவில் கூரை வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுகிறவன். அமெரிக்காவில் வீடு வாங்கிய நம் ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் இங்கே.

கலிஃபோர்னியா, ஃப்ரீமாண்டிலிருந்து: சமையலறையைப் புதுப்பித்துத் தந்த ஜெனரல் காண்ட்ராக்டரே கூரையும் மாற்றித் தருகிறேன் என்கிறார். லைசென்ஸ் கார்டும் காட்டினார். போதுமா அண்ணா?

போதாது. அவரிடம் இருப்பது 'பி' வகையாக, அதாவது பொதுக் கட்டட வேலைக்கான லைசென்ஸாக இருக்கும். கூரை மட்டும் என்றால் அவரிடமே கூரை வேலைக்கென்று உள்ள சி-39 லைசென்ஸ் இருக்கவேண்டும், இல்லை சி-39 உள்ளவரிடம் வேலையைக் கொடுக்கவேண்டும். கார்டை விடுங்கள், யார் கார்டையும் யாரும் காட்டலாம். மாநில லைசென்ஸ் வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டு, எஸ்டிமேட்டில் உள்ள பெயர்தான் வருகிறதா, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, 25,000 டாலர் பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்) இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கீழே தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் என்ற வரி. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வேலையாள் இல்லாத வேறு பல காண்ட்ராக்டர்களுக்கு இதில் விலக்கு உண்டு. சி-39 காரருக்குக் கிடையாது, தனி ஆளாக இருந்தாலும் எடுத்தே ஆகவேண்டும். 'விலக்கு' என்று போட்டிருக்கிறவர் நாலு பேரை ஏணியில் ஏற்றினால் வேலையை நிறுத்துங்கள். ஒருவர் விழுந்தால் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரலாம்.

கலிஃபோர்னியா, சான் ஹோஸே: 18,000 டாலர் வேலைக்குப் பாதி முன்பணம் கேட்கிறார்.

1,000 டாலருக்கு மேல் தராதீர்கள். 10 சதவீதம் அல்லது 1,000, எது குறைவோ அதுதான் சட்டம். தனி பாண்ட் கட்டிய ஒரு சிலருக்கு மட்டும் விதிவிலக்கு.

டெக்சாஸ், ஃபிரிஸ்கோ: ஆலங்கட்டி மழை பெய்த மறுநாளே ஒருவர் கதவைத் தட்டி, "டிடக்டிபிளை (இன்சூரன்ஸ் க்ளெய்மில் வீட்டுக்காரர் கையிலிருந்து போடவேண்டிய பங்கு) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

டெக்சாஸில் கூரைக்காரருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. ஆனால் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது 2019 சட்டப்படி குற்றம். நீங்கள் அதைக் கட்டியதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி ரசீது கேட்கலாம். முதல் பேச்சிலேயே இப்படிச் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

மீண்டும் ஃப்ரீமாண்ட், வேறொருவர்: காண்ட்ராக்டர் ஷிங்கிள் (கூரைத் தகடு) வாங்கிய கடையிலிருந்து ஏதோ நோட்டீஸ் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், வழக்கமான முன்னறிவிப்புதான். ஆனால் குப்பையில் போடாதீர்கள். காண்ட்ராக்டர் கடைக்குப் பணம் தராவிட்டால், நீங்கள் முழுசாகக் கொடுத்திருந்தாலும் கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் பதியும் உரிமை) போடலாம். கடைசித் தவணைக்கு முன் கடையின் கையெழுத்தோடு லீன் விடுவிப்பு வாங்கச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் காண்ட்ராக்டர், கடை இருவர் பெயரும் போட்டு ஒரே செக்காக எழுதுங்கள்.