நாளில் கால் இல்லை

அன்புள்ள ஐயா,

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என் கீழ் வேலை செய்யும் பையனின் அறிக்கைகளில் ஒரு வருடமாகப் பிழைகள். மனம் நோகுமே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது ஆண்டு மதிப்பீடு வருகிறது. முதலில் பாராட்டி, நடுவில் குறையைச் சொல்லி, மறுபடி பாராட்டி முடிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எழுத்தில் கொடுப்பதா, நேரில் சொல்வதா?

வாசகி, புதுச்சேரி

அன்புள்ள தங்கைக்கு,

நேரில் சொல்லுங்கள். அந்தப் பாராட்டு வித்தையெல்லாம் வேண்டாம்.

ஆனால் ஒரு வருடமா? அவன் மனம் நோகும் என்கிறீர்கள். அவன் முகம் சுளித்தால் உங்களுக்குத் தாங்காது, அதுதான் விஷயம். சம்பள உயர்வு கைவிட்டுப் போகும் நாளில் பழைய பிழைகளை அடுக்கினால் அவன் எதைத் திருத்துவான்?

18 வயதில் மஞ்சக்குப்பத்து அச்சகம் ஒன்றில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கோத்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘நாள்’ என்பது ‘நள்’ என்று வந்துவிட்டது. ‘உனக்கெல்லாம் எவன்டா தமிழ் சொல்லிக்கொடுத்தான்?’ என்று எல்லோர் முன்னாலும் முதலாளி கத்தினார். மதியம் முழுக்கக் கை நடுங்கியது. இன்னும் நாலு பிழை விட்டேன்.

சாயங்காலம் மூத்த கம்பாசிட்டர் தனியாகக் கூப்பிட்டார். ப்ரூஃப் தாளில் விரலை வைத்து, ‘தம்பி, நாள்ல கால் இல்ல பாரு’ என்றார். எழுத்துப் பெட்டியில் துணைக்கால் கிடக்கும் அறையைக் கிளறினார். இடைவெளிக்கு வைக்கும், அச்சில் விழாத ஸ்பேஸ் கட்டைகள் கலந்து கிடந்தன. அச்சடித்து முடித்த எழுத்துகளைப் பிரித்து அவற்றின் அறைகளில் திரும்பப் போடும்போது அவசரத்தில் நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். ‘பிரிக்கும்போது நிதானமாப் போடு. கோக்கும்போது கை தானா வரும்’ என்றார். இருவருமாக உட்கார்ந்து அந்த அறையைப் பொறுக்கிச் சுத்தம் செய்தோம்.

1996இல் க்ளூகர், டினிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், பின்னூட்டத்துக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்பப் பலன் குறைகிறது என்றார்கள். படித்ததும் அந்த ஒரே நாளின் மதியமும் சாயங்காலமும்தான் நினைவுக்கு வந்தன. ‘உனக்குக் கவனம் போதாது’ என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அது முதலாளியின் பேச்சு.

மதிப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே கூப்பிடுங்கள். போன வாரத்து அறிக்கை ஒன்றை எடுத்து, தப்பான எண்ணின் மேல் விரலை வையுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று இருவருமாகத் தேடுங்கள். உங்களிடமிருந்தே தாமதமாக வந்தது என்று அவன் சொன்னால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.