மழைக்காலமும் பியானோவும்: கேள்வி பதில்

சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன் நான். கேளுங்கள்.

கே: மழைக்காலத்தில் சுருதி ஏறிவிடுகிறது. கம்பி துருவா?

கம்பி பாவம். அதற்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒலிப்பலகை இருக்கிறது. ஐப்பசி ஈரத்தைக் குடித்து உப்பி, கம்பிகளைத் தள்ளும். இழுவிசை கூடும், சுருதி ஏறும். மேலே பூச்சாடி வைக்காதீர்கள்.

கே: நாங்களே மாடிக்குத் தூக்கிவிடலாமா?

உள்ளே சுமார் 230 கம்பிகள், மொத்தம் 18 டன் இழுவிசை. நாலைந்து யானைகளைக் கட்டி வைத்தது மாதிரி. அதைத் தாங்கத்தான் வார்ப்பிரும்புச் சட்டம். ஆள் வையுங்கள்.

கே: ஏசிக்குக் கீழே வைக்கலாமா?

கூடாது.

கே: வீணை கற்கிறேன். ஒரு கட்டைச் சுருதியில் வைத்த தம்புராவோடு பியானோவில் அந்தர காந்தாரம், அதாவது பெரிய 'க', தொட்டால் உறுத்துகிறது. எது தப்பு?

இதற்காகத்தான் காத்திருந்தேன். தம்புராவின் மந்தரக் கம்பி, அதாவது அடிச் சட்ஜக் கம்பி, 65.4 ஹெர்ட்ஸ்; வினாடிக்கு அத்தனை அதிர்வு. அதற்குள்ளேயே ஐந்து மடங்கில், 327-இல், ஒரு காந்தாரம் தானாக ஒலிக்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். பியானோவில் அதே காந்தாரம் 329.6. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டரை தடவை 'வாவ் வாவ்' என்று அலையடிக்கும். உங்கள் காது சரி.

கே: பியானோ விஞ்ஞானம், தம்புரா பழசு. அந்த வீணைக்காரர் காதைத்தான் திருத்த வேண்டும்.

அப்படியா? சுத்தப் பஞ்சமத்தின் அதிர்வு சட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு. அப்படியே பன்னிரண்டு பஞ்சமம் ஏறினால் ஏழு ஸ்தாயி (ஒவ்வொன்றும் இரு மடங்கு) தாண்டிச் சட்ஜத்திலேயே வந்து நிற்க வேண்டும். அதற்கு 128 மடங்கு வேண்டும், வருவதோ 129.7. இந்தப் பிசிறைப் பியானோவில் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் பங்கு போட்டு மறைக்கிறோம். பஞ்சமத்தில் குறை தெரியாது, காந்தாரத்தில் தெரியும். தம்புரா இயற்பியல் ஐயா, பியானோ பஞ்சாயத்து.

கே: செயலி பார்த்து 88 கட்டைகளையும் கணக்குப்படி வைத்தேன். ஆனாலும் மேல் ஸ்தாயி சுருதி இறங்கினாற்போல் கேட்கிறதே?

எஃகுக் கம்பி விறைப்பானது. அதன் மேற்சுரங்கள், அதாவது கம்பிக்குள்ளேயே தானாக ஒலிக்கும் மடங்குச் சுரங்கள், கணக்கை விடக் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். அதனால் மேல் ஸ்தாயியை ஒரு துளி ஏற்றியும் கீழ் ஸ்தாயியை ஒரு துளி இறக்கியும் வைப்போம்.

கே: ஏசிக்குக் கீழே இல்லாமல், பக்கவாட்டில்?

மேலே பாருங்கள்.

கே: சின்னப் பூச்சாடிதான்...

சின்னதில் தண்ணீர் ஊற்ற மாட்டீர்களா?

கே: வீணைக்காரிதான் மறுபடியும். அப்போ பியானோவில் கல்யாணி வாசிக்கவே கூடாதா?

தாராளமாக வாசியுங்கள். கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைக்க, கட்டையை ஆட்டினால் ஸ்டூல்தான் ஆடும். அப்புறம், தம்புராவை நிறுத்திவிடுங்கள்.