ஆபீஸ் கார் பூலிங்: கம்பெனிக்கு என்ன மிஞ்சும், என்ன செலவாகும்? (கேள்வி பதில்)

சென்னையில் ஐ.டி. கம்பெனிகளின் போக்குவரத்து, பார்க்கிங் ஏற்பாடுகளைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை தொடங்கி சாலை குறுகியதிலிருந்து, ஊழியர்களைக் கார் பகிர்ந்து வரச் சொல்லலாமா என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேள்விகளை இங்கே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார் ஓட்டப்போகிறவரின் இன்சூரன்ஸ் பாலிசியைப் பார்க்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

சோழிங்கநல்லூர், எச்.ஆர்.: சார், எங்கள் எம்.டி. கேட்பது ஒன்றே ஒன்றுதான். இதில் கம்பெனிக்கு என்ன லாபம்?

பார்க்கிங். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும். ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேஜைக்குக்கூட நாம் இவ்வளவு இடம் கொடுப்பதில்லை. உங்கள் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஸ்லாட் வாடகைக்குள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்தக் கூடுதல் ஸ்லாட்டுகளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் பணம் மிஞ்சும். லீஸ் முடிகிறவரை கொடுக்க முடியாது என்றால் உடனடி லாபம் இல்லை. ஆள் கூடும்போது புதிதாக ஸ்லாட் எடுக்காமல் சமாளிக்கலாம், அவ்வளவுதான். இதை எம்.டி.யிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "பசுமை" என்று ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து அக்கவுன்ட்ஸ் கேள்வி கேட்டு நின்றுபோன திட்டங்கள் நிறைய உண்டு.

செலவுப் பக்கம் பெரிதாக இருக்காது. ஆள்களைச் சேர்த்துவைக்க ஒரு ஆப் அல்லது ஒரு எக்செல் ஷீட், அதைப் பார்த்துக்கொள்ள அட்மினில் ஒருவருடைய கொஞ்ச நேரம், பூலில் வரும் கார்களுக்கு லிஃப்ட் பக்கத்தில் ஒதுக்கிய ஸ்லாட். இவற்றோடு அவசரத்துக்கு வீட்டுக்கு அனுப்பும் கேப். இந்தக் கேப் செலவை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று மணிக்குப் போன் வந்தால் எப்படிப் போவது என்ற பயம்தான் பாதிப் பேரைத் தனிக் காரில் வரவைக்கிறது. வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு நவம்பர், டிசம்பர் மழையில் இந்தப் பயம் இன்னும் அதிகம். கம்பெனி அனுப்பிவைக்கும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் நம்பி வருவார்கள். உண்மையில் அந்தக் கேப்பைக் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அம்பத்தூர், சிறுதொழில்: காரில் வருகிறவர்களிடம் ஓட்டுபவர் பணம் வாங்கலாமா?

பெட்ரோல் செலவைப் பங்கு போடுவது வேறு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் வைத்துச் சம்பாதிப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி வாடகைக்கு ஆள் ஏற்ற பர்மிட் வேண்டும். வெள்ளை போர்டு காருக்கு அது கிடையாது. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில் அபராதம் 10,000 ரூபாய். சொந்தக் காரில் ஆள் சேர்த்துப் போவதை ஆப்கள் வழியாக அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2020-ல் வழிகாட்டுதல் தந்தது. ஆனால் முடிவை மாநிலங்களிடம் விட்டுவிட்டது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வீட்டிலிருந்து சிறுசேரி 25 கிலோமீட்டர் என்றால் போய்வர 50. நெரிசலில் லிட்டருக்கு 12, 13 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு நான்கு லிட்டர், ஏறத்தாழ 400 ரூபாய். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு 100. இதற்கு மேல் வாங்கினால் அது வாடகை என்று யாராவது வாதாட இடம் கொடுக்கிறீர்கள். முதலில் வாதாடப்போவது போலீஸ் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. தனியார் கார் பாலிசியில் வாடகைப் பயன்பாடு விலக்கு என்று தெளிவாகவே இருக்கும்.

கிண்டி, அட்மின்: கம்பெனியே அந்தக் கிலோமீட்டர் காசைச் சம்பளத்தோடு கொடுத்தால்?

வேண்டாம். அந்தத் தொகை வருமான வரிக் கணக்குக்குள் வரும். கம்பெனியே வண்டி ஓட்டுகிற மாதிரியும் ஆகிவிடும். ஸ்லாட் கொடுங்கள், கேப் கொடுங்கள், அந்தக் கிலோமீட்டர் பணத்தில் கை வைக்காதீர்கள்.

பெருங்குடி, டீம் லீட்: என்னிடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருக்கிறது. நண்பர்களை ஏற்றலாம் இல்லையா?

கூடாது. சட்டப்படி எடுத்தே ஆகவேண்டிய அந்தப் பாலிசி, காருக்குள் சும்மா ஏறி வருகிறவர்களுக்குப் பொருந்தாது. சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழு பேக்கேஜ் பாலிசியில் அவர்களும் அடங்குவார்கள் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2009-ல் விளக்கம் கொடுத்திருக்கிறது. கம்பெனிகளுக்கு மறுபடியும் சொல்கிறேன்: பேக்கேஜ் பாலிசி நகல் கொடுக்காதவரை ஓட்டுநராகப் பதிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பித்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.

தரமணி, பழைய ஊழியர்: கம்பெனி பஸ்ஸே போதுமே. இது கார் வைத்திருக்கும் மேனேஜர்களுக்குத்தான் சலுகை.

ஒரே ஷிஃப்ட்டில் ஒரே ரூட்டில் முப்பது, நாற்பது பேர் இருந்தால் பஸ்ஸை எதுவும் மிஞ்ச முடியாது. வாரம் மூன்று நாள் மட்டும் ஆபீஸ் வரும் கம்பெனிகளில் பஸ் பாதி காலியாக ஓடுகிறது. பெரம்பூரில் இரண்டு பேர், முகப்பேரில் மூன்று பேர் என்று சிதறி இருப்பவர்களுக்குத்தான் பூல்.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் சரியான இடம். பூலில் சேருகிறவர்கள் இதுவரை எதில் வந்தார்கள்? பஸ்ஸிலும் பறக்கும் ரயிலிலும் வந்த மூன்று பேர் ஒரு மேனேஜரின் காரில் ஏறினால் ஒரு கார்கூடக் குறையவில்லை. பஸ்ஸில் மூன்று சீட் காலி, அவ்வளவுதான். "இருநூறு பேர் பதிவு செய்தார்கள்" என்று ஸ்லைடு போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

துரைப்பாக்கம், பாதுகாப்பு அதிகாரி: இதை நான் ஏற்க மாட்டேன் சார். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் பைக்கில் வருகிறார்கள். பேரிகேடுக்கும் லாரிக்கும் நடுவில் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவரைக் காருக்குள் உட்காரவைத்தால் அது லாபம் இல்லையா? ஸ்லாட் மட்டும்தான் கணக்கா?

லாபம்தான், மறுக்கவில்லை. இந்தியாவில் சாலை விபத்தில் சாகிறவர்களில் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள்தான் மற்ற எவரையும்விட அதிகம். ஒரு நல்ல ஊழியர் காலை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்தால் கம்பெனிக்கும் இழப்பு. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவருக்கு, வேலையோடு தொடர்பு நிரூபணமானால், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். 2010 திருத்தத்திலிருந்து இப்படித்தான்.

துரைப்பாக்கம், பாதுகாப்பு அதிகாரி: அப்படியென்றால் பைக் ஆட்களைத்தானே முதலில் சேர்க்க வேண்டும்?

சேருங்கள். அதைப் பாதுகாப்புச் செலவு என்ற தலைப்பில் காட்டுங்கள். பார்க்கிங் மிச்சம் என்று காட்டாதீர்கள். இரண்டையும் கலந்து எழுதினால், "ஒரு ஸ்லாட்டும் குறையவில்லையே" என்று அடுத்த பட்ஜெட்டில் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். உங்கள் பைக் ஆட்கள் திரும்பவும் அதே பேரிகேடுக்கு நடுவில் போய் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் கணக்கைப் பிரித்து எழுதச் சொல்கிறேன்.

தரமணி, பழைய ஊழியர்: மேனேஜர் தன் ஸ்லாட்டை விட்டுக்கொடுப்பாரா? இலவசமாகக் கிடைக்கும்போது?

மாட்டார். இலவச பார்க்கிங் இருக்கும் வரை தனிக் காருக்குத்தான் கம்பெனி காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் 1992-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பார்க்கிங் இடத்தை வாடகைக்கு எடுத்து ஊழியருக்குத் தரும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் இருக்கும் நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகத் தர வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை, கம்பெனி தானாகச் செய்யத் தடையும் இல்லை. வரி போக நிற்பது கொஞ்சம் குறையும்தான். ஆனால் பஸ்ஸில் வருகிறவருக்கும் அது கிடைக்கும் என்பதால் உங்கள் சலுகைக் குற்றச்சாட்டும் போய்விடும்.

சிறுசேரி, பி.பி.ஓ.: இரவு ஷிஃப்ட் பெண்களுக்குக் கேப் செலவு தாங்கவில்லை. பூலிங்குக்கு மாற்றலாமா?

மாற்றாதீர்கள். இரவில் பெண்கள் வேலை பார்த்தால் போக்குவரத்து ஏற்பாடு உங்கள் கடமை. சக ஊழியரின் காரில் அனுப்புவது அதற்கு ஈடாகாது. ஆடிட்டரிடம் வேறொன்று கேளுங்கள்: பதின்மூன்று பேர் வரை ஏறும் வண்டிகளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்தாலும், சட்டப்படி கட்டாயம் தரவேண்டிய சேவைக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அதில் கொஞ்சம் மீட்கலாம்.

போரூர்: ஓட்டுபவர் பணம் வாங்கலாமா சார்?

மேலே அம்பத்தூர்காரருக்கு எழுதியிருக்கிறேன்.

மறைமலை நகர்: கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் வாங்கினால் தப்பா?

அதையும் அங்கேயே படியுங்கள். பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நாவலூர், ஸ்டார்ட்அப்: நாங்கள் அறுபது பேர். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆப் வாங்காதீர்கள். ஒரு வாரம் கேட்டில் செக்யூரிட்டியை எழுதச் சொல்லுங்கள்: உள்ளே வரும் ஒவ்வொரு காரிலும் எத்தனை பேர், எத்தனை மணிக்கு. கூடவே எல்லோரிடமும் வீட்டு பின்கோடு, இப்போது எதில் வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். தனியாகக் காரில் வரும் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து பின்கோடில், ஒரே நேரத்தில் கிளம்புகிறவர்களாக இருந்தால் அவர்களிடம் நேரில் பேசுங்கள். அப்படி ஐந்து ஜோடி கிடைத்தாலே ஐந்து ஸ்லாட் காலியாகும். ஒரு ஜோடிகூடக் கிடைக்காவிட்டால் பூலை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ அந்தப் பணத்தைப் போடுங்கள்.