அக்காவைப் பற்றி ஒரே ஒரு வரி

அன்புள்ள ஐயா,
எனக்கு 54 வயது. பாதி வாழ்க்கை துபாயில் போய்விட்டது. அம்மா படுத்த படுக்கையாக இருந்த கடைசி ஐந்து வருடமும் பணம்தான் அனுப்பினேன், வந்து தங்கவில்லை. கல்யாணமாகாத அக்காதான் பார்த்துக்கொண்டாள். இப்போது தூக்கமே இல்லை, அழுகையாக வருகிறது. இந்த வருத்தத்திலிருந்து மீள என்ன படிக்கலாம்? தியானம் உதவுமா?
ம.

அன்புள்ள ம.,
தூக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். தியானம் உங்கள் விருப்பம். அம்மாவை நினைத்து அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுங்கள்.

கொஞ்ச நாளாக அசோகனின் கல்வெட்டுகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கலிங்கப் போரைச் சொல்லும் 13-ஆம் பாறைச் சாசனத்தில் அவன் கணக்குக் கொடுக்கிறான். பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,50,000 பேர், கொல்லப்பட்டவர்கள் 1,00,000 பேர், மாண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அதோடு விடவில்லை. தமக்கு ஒரு கேடும் இல்லாமல் தப்பியவர்களுக்கும், அன்புக்குரியவர்கள் படும் பாடு காயம்தான் என்கிறான். அந்த இடத்தை என்னால் கடக்க முடிவதில்லை. ஒரு சக்கரவர்த்தி, தன் பட்டியலில் வராதவர்களையும் தேடிப் போகிறான்.

புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் தவுலிப் பாறை இருக்கிறது, அது கலிங்க மண். நேரில் பார்த்திருக்கிறேன். இந்தச் சாசனம் அங்கே இல்லை, கலிங்கத்தின் இன்னொரு பாறையான ஜௌகடாவிலும் இல்லை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அதற்குப் பதிலாக அங்கே இருப்பது அதிகாரிகளுக்கு இட்ட ஆணை: காரணமில்லாமல் யாரையும் சிறையில் வாட்டாதே; பொறாமை, கோபம், அவசரம், சோம்பல் ஆகாது; இதைக் கவனிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் வரும். கலிங்கத்தை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை, அது பெரிய குறைதான். ஆனாலும் கலிங்கத்தின் தோசலி நகரத்தில் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடிமகனுக்கு, அரசன் வருந்தினான் என்ற சேதியைவிட அந்த ஆணைதான் உதவியிருக்கும்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கோபம்தான் வந்தது. உங்கள் அழுகை, உங்கள் தூக்கம், உங்கள் மீட்சி. அக்கா ஒரே வரியில் வந்து போய்விட்டார். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த கை யாருடையது? ராத்திரி எத்தனை தடவை எழுந்தார்? அந்த ஐந்து வருடத்தில் அவர் எதையெல்லாம் விட்டார்? ஒன்றையாவது கேட்டீர்களா? அம்மாவுக்கு இனி எதுவும் செய்ய முடியாது என்று உருகுகிறீர்கள். செய்ய முடிந்தவர் உயிரோடு இருக்கிறார், ஐயா!

புத்தகப் பட்டியலெல்லாம் வேண்டாம். ஊருக்குப் போய் அவரோடு ஒரு மாதம் இருங்கள். உங்கள் வருத்தத்தை அவரிடம் கொட்டி, உங்களையும் அவரே தேற்றும்படி வைக்காதீர்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, கையில் சேமிப்பு உண்டா, அம்மா இருந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால், முதலில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். எனக்கு அப்புறம் எழுதலாம்.