படகில் எத்தனை பேர் படுக்கலாம்?

கேள்வி: 30 அடி பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறேன். குடும்பத்தோடு காரைக்கால் வரை போக ஆசை. உள்ளே 6 பேருக்குப் படுக்கை போடலாமா?
- வாசகர், தேங்காய்த்திட்டு

பதில்: போடலாம், ஆனால் வேண்டாம் சார். 4 போதும். மீதி இடம் தண்ணீர் கேனுக்கும் துணிப்பைக்கும் தேவைப்படும்.

முன்பக்கத்து முக்கோணப் படுக்கை கரையில் நிற்கும்போது சுகம். அலையில் அங்கேதான் அதிகம் தூக்கிப்போடும். என் மனைவி ஒரு ராத்திரி அங்கே படுத்துவிட்டு, விடியும்வரை கூரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் ஓடும்போது தூங்கும் படுக்கை படகின் நடுவிலேயே இருக்கட்டும். நீளம் ஆறரை அடி, அகலம் 2 அடி. அகலம் கூடினால் உடம்பு உருளும். ஓரத்தில் கனமான கித்தான் தடுப்பு கட்டுங்கள். படகு சாய்ந்தாலும் தொட்டிலில் கிடப்பது போலிருக்கும்.

பகலில் அதுவே உட்காரும் இடம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் சரி. மெத்தையிலிருந்து கூரைக்கு 3 அடியாவது விடுங்கள், தலை இடிக்கக்கூடாது.

அப்புறம், மெத்தைக்கு அடியில் முழுப் பலகை அடிக்காதீர்கள். இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.