ஹரிகேன் நேரலையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அமெரிக்க சேனல்கள் ஒவ்வொரு ஹரிகேனுக்கும் நிருபரைக் கொண்டுபோய்க் காற்றில் நிறுத்துகின்றன. பார்ப்பவருக்கு அதனால் என்ன பயன்?

பயன் மிகக் குறைவு. காற்றைப் படம் பிடிக்க முடிகிறது, அதனால் காற்றைக் காட்டுகிறார்கள். ஆனால் ஆளைக் கொல்வது தண்ணீர். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்கள் நேரடியாகப் பலிகொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரில் போனவர்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ஸ்டார்ம் சர்ஜில், அதாவது காற்று தள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் ஏற்றிய கடலில். கால்வாசிப் பேர் மழைவெள்ளத்தில்.

நிருபர் நிற்கும் காட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 45 மைல் காற்று நிற்பவர் மீது சுமார் 15 கிலோ பாரம் சாய்ந்த மாதிரி அழுத்தும். காலை அகட்டி நின்று பேசிவிடலாம். 90 மைலில் அதே அழுத்தம் 60 கிலோ. அதில் யாரும் மைக் பிடித்து வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆகவே ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் புயலின் உச்சக் காற்று வீசவில்லை என்றே கொள்ளுங்கள். அனுபவமுள்ள குழு கான்கிரீட் கட்டடத்தின் மறைவில், காற்றுக்குப் பின்பக்கமாகத்தான் நிற்கும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. புயலின் கண், அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதி, தலைக்கு மேல் கடந்துபோனால் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும். அதுவரை மறைவாக இருந்த பக்கமே அடிவாங்கும் பக்கமாகிவிடும்.

அடுத்தது புயலுக்கு 1 முதல் 5 வரை தரும் கேட்டகரி எண். இதைத்தான் மக்கள் மிகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த எண்ணைத் தரும் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் அளப்பது ஒன்றே ஒன்று: தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், ஒரு நிமிடச் சராசரியாக, புயலுக்குள் எங்கோ ஓரிடத்தில் வீசும் அதிகபட்சக் காற்று. மழையும் கடலேற்றமும் அந்தக் கணக்கில் சேராது. 2008-ல் டெக்சாஸில் கரையைக் கடந்த ஐக் புயல் கேட்டகரி 2 தான்; பொலிவார் தீபகற்பத்தில் 15 முதல் 20 அடி தண்ணீர் ஏறியது. 2018-ல் ஃப்ளாரன்ஸ் புயல் கேட்டகரி 1 ஆகத்தான் கரையேறியது. வட கரோலினாவில் சில இடங்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. “கேட்டகரி குறைந்துவிட்டது” என்று திரையில் பட்டை ஓடினால் நிம்மதியாகிவிடாதீர்கள். கடலில் ஏற்கெனவே திரண்டுவிட்ட நீர் அதோடு சேர்ந்து உடனே வடிந்துவிடுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உச்சக் காற்று கண்ணைச் சுற்றியுள்ள குறுகிய வளையத்தில்தான் இருக்கும். நாற்பது மைல் தள்ளி வீட்டில் இருந்தவர் “கேட்டகரி 4-ஐயே பார்த்துவிட்டேன்” என்று நம்பி, அடுத்த புயலுக்கு வெளியேறாமல் இருந்துவிடுகிறார்.

கூம்பு வடிவ வரைபடத்துக்கு வருவோம். மயாமியிலுள்ள தேசிய ஹரிகேன் மையம் கடந்த ஐந்து ஆண்டுக் கணிப்புப் பிழைகளைக் கொண்டு இதை வரைகிறது. மூன்றில் இரண்டு பங்கு பிழைகள் அடங்கும் அளவில் வட்டங்கள் போட்டு, அவற்றை இணைத்தால் கூம்பு வரும். கூம்பு சொல்வது கண் எங்கே போகக்கூடும் என்பதை மட்டுமே. புயலின் அகலத்தையோ பாதிப்புப் பகுதியையோ அது காட்டவில்லை. அதன் நடுக்கோட்டிலேயே நம் பார்வை பதிந்துவிட்டால் ஆபத்து. 2004-ல் சார்லி, 2022-ல் இயான், இரண்டிலும் பேச்செல்லாம் ஃப்ளோரிடாவின் தாம்பா நகரைச் சுற்றியே இருந்தது. இரண்டும் அதற்குத் தெற்கே கரையேறின. இயான் ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் ஏற்றிய தண்ணீர் 10 முதல் 15 அடி.

புயல் போகக்கூடிய பாதை பற்றிய பல கணிப்புகள் நூடுல்ஸ் போலக் கோடுகளாக ஓடும் படமும் வரும். அதிலுள்ள எல்லாக் கோடுகளும் சமமல்ல. எக்ஸ்டிஆர்பி என்று பெயர் போட்ட கோடு, புயல் இப்போது போகும் திசையில் அப்படியே நேராகப் போட்ட நீட்சி. வானிலைக் கணக்கு எதுவும் அதில் இல்லை. எந்தக் கோடு எது என்று சொல்லாமல் காட்டும் சேனலை மாற்றிவிடலாம்.

எதைப் பார்க்க வேண்டும்? தேசிய ஹரிகேன் மையத்தின் முழு அறிக்கை, கிழக்கு அமெரிக்கக் கோடைக்கால நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். எச்சரிக்கை அமலில் இருந்தால் இடையே 2 மணிக்கும் 8 மணிக்கும் சிறு அறிக்கை உண்டு. அந்த நேரங்களில் டிவியைப் போட்டால் போதும். தேசிய சேனலைவிட உள்ளூர் சேனலைப் பாருங்கள். எந்தப் பகுதி எப்போது வெளியேற வேண்டும் என்று ஏ, பி என எழுத்திட்டுப் பிரித்த வெளியேற்ற மண்டலத்தை அவர்கள்தான் தெருக் கணக்கில் சொல்வார்கள். வெள்ளக் காப்பீட்டு மண்டலம் வேறு, இது வேறு. கடலேற்றத்தை எத்தனை அடி என்று சொல்லும்போது “தரைக்கு மேல்” என்கிறார்களா என்று கவனியுங்கள். தரைக்கு மேல் 9 அடி என்றால் ஒற்றைமாடி வீட்டில் கூரை வரை தண்ணீர்.

இதை நன்றாகக் காட்டிய நேரலைகளும் உண்டு. 1961-ல் கார்லா புயல் வந்தபோது டெக்சாஸின் கால்வெஸ்டன் ரேடார் திரையின் மேல், வளைகுடாக் கரையை வரைந்த ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துக் காட்டினார் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ராதர். புயல் எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்தவர்கள் அந்த ஒரு தாளால் புரிந்துகொண்டார்கள். ஃப்ளாரன்ஸின்போது வெதர் சேனல், தொகுப்பாளரைச் சுற்றி 3, 6, 9 அடி என்று தண்ணீர் ஏறுவதாக கிராஃபிக்ஸ் செய்தது. காற்றில் தள்ளாடும் நூறு நிருபர்களைவிட அந்த ஒரு நிமிடம் மேல்.

புயல் கரையைக் கடந்த பிறகு இன்னும் கவனம் வேண்டும். கத்ரீனா கரையேறிய 2005 ஆகஸ்ட் 29 அன்று, மேட்டுப்பாங்கான பிரெஞ்சுக் குடியிருப்பிலிருந்து வந்த படங்களை வைத்து நியூ ஆர்லியன்ஸ் தப்பித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தடுப்புக் கரைகள் அதற்குள் உடைந்து, தாழ்வான பகுதிகள் மூழ்கிக்கொண்டிருந்தன. இப்போது குழுக்கள் பல செல்போன் இணைப்புகளைச் சேர்த்து அனுப்பும் முதுகுப்பைக் கருவியை நம்பி இருக்கின்றன. டவர் விழுந்த இடத்தில் அது ஊமை. மிக மோசமாக அடிவாங்கிய ஊரின் படம்தான் கடைசியாக வரும். அதனால் முதல் நாள் காலையில் எந்த ஊரிலிருந்து படமே வரவில்லை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.