கடலோர நகரத்தின் வெப்ப அலையைக் கணிப்பது: கேள்வி பதில்

கே: 2050இல் எங்கள் நகரம் எத்தனை டிகிரி தொடும்?

ஒற்றை எண் கிடையாது. பல காலநிலை மாதிரிகளை (வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்களை) ஓட்டி, எதிலிருந்து எது வரை என்ற வீச்சைச் சொல்லலாம். வெப்பமானி எண்ணை மட்டும் கேட்காதீர்கள். கடலோரத்தில் ஈரப்பதம் சேராத எண் பாதிக் கதைதான்.

கே: உலக மாதிரியிலிருந்து எங்கள் ஊர் விழும் கட்டத்தின் தரவை எடுத்துவிட்டேன். போதுமா?

போதாது. உலக மாதிரி பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரி எண்ணைத்தான் தரும். அந்தக் கட்டம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம். அதில் பாதி கடலாக இருக்கும். நிலம் கொதிக்கையில் கடல் அவ்வளவாகச் சூடேறாது. இரண்டின் சராசரி உச்சத்தை அமுக்கிவிடும். கடற்காற்றும் அந்த அளவில் சரியாகப் பிடிபடாது. காற்று 11 மணிக்குக் கரையேறுகிறதா, 3 மணிக்கா என்பதில்தான் அன்றைய உச்சமே இருக்கிறது. 2015 ஜூனில் கராச்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது கடற்காற்று நின்றுபோயிருந்தது.

ஆகவே சிறிய கட்டங்கள் கொண்ட நுண்ணளவு மாதிரி வேண்டும், அப்புறம் வானிலை நிலையப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பிழைதிருத்தம். அதிலும் ஒரு பொறி: வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனியாகத் திருத்தாதீர்கள். மதியத்தின் 40 டிகிரியையும் விடிகாலையின் 80 சதவீத ஈரப்பதத்தையும் ஒட்டவைத்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்; வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு) 36ஐத் தாண்டும். அதே 40க்கு 35 சதவீதம் என்றால் 27தான்.

கே: 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெப்பத்துக்குத் திட்டமிடுகிறோம். சரியா?

எந்த 50 ஆண்டு? தொழிற்புரட்சிக்கு முந்தைய கணக்கில் 50 ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, உலகம் 2 டிகிரி சூடேறினால் சுமார் 14 மடங்கு அடிக்கடி வரும் என்கிறது ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை. பழைய அட்டவணையை மூடிவையுங்கள்.

கே: 2100இல் எத்தனை டிகிரி?

முதல் பதிலைப் படியுங்கள். 2100 என்றால் எந்த உமிழ்வுப் பாதை, அதாவது அதுவரை உலகம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடும், என்பதையும் சொல்ல வேண்டும்.

கே: எந்த ஏசி வாங்கலாம்?

என் துறை இல்லை.

கே: ஈரப்பதம், ஈரப்பதம் என்கிறீர்கள். பல நகர இறப்புப் பதிவுகளில் அதன் தாக்கமே தெரியவில்லையே?

அப்படி வாங்க! இது உண்மையான சண்டை. வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது என்கிறது உடலியல். 35 டிகிரி ஈரக்குமிழ்தான் உடல் தாங்கும் எல்லை என்றிருந்தோம். 2022இல் வெளியான சோதனையில், ஈரமான சூழலில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே 31ஐ ஒட்டி உடல்சூடு ஏறத் தொடங்கியது. இறப்புப் பதிவுகளோ பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளுடையவை. புழுக்கம் மிகுந்த பல ஊர்களில் பதிவே ஒழுங்காக இல்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா?

கே: பதிவு இல்லாததை வைத்து நீங்களும் வாதிடக்கூடாது. வெப்பமானி எண்ணே போதும்.

முதல் பாதி நியாயம். இரண்டாவதை ஏற்கமாட்டேன். வெப்பமானி எண், ஈரப்பதம் சேர்ந்த எண் என இரண்டு அளவிலும் கணக்கை ஓட்டுங்கள். எந்த வட்டாரத்துக்கு முதலில் உதவி போக வேண்டும் என்ற வரிசை மாறினால், இரண்டு வரிசையையும் அறிக்கையில் போடுங்கள்.